வலி இல்லை என்றால் நலமா?
நீரிழிவாளரின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் வினாப்பட்டியல்கள்: ஒரு விமர்சனம்

நீரிழிவு நோய் நம் நாட்டில் பெருகி வருவது யாவரும் அறிந்ததே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் எல்லா மாநிலங்களிலும் நடைபெற்ற பேராய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. அதன்படி, இந்தியாவில் வயது வந்தோருள் 11.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர், நீரிழிவுடன் வாழ்கின்றனர். கடலூருக்கு அடுத்துள்ள புதுச்சேரியில் இவ்விகிதம் 26 விழுக்காட்டையும் தாண்டுகிறது.

எத்தனை பேர் என்ற கேள்விக்கு இந்த எண்கள் விடை கூறுகின்றன. அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை கூறுவதில்லை. அதற்கென்றே 'வாழ்க்கைத் தர ஆய்வு' என்று ஒரு துறை வளர்ந்துள்ளது. நோயாளியிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுப்பார்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுவார்கள். ஒவ்வொரு வினாவுக்கும் ஐந்து விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். இறுதியில் கூட்டி, வகுத்து, 'வாழ்க்கைத் தரம் 100-க்கு இவ்வளவு' என்று ஓர் எண்ணைத் தருவார்கள்.

இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? இக்கட்டுரை ஆராய முற்படுவது இதைத்தான். இதை எழுதுபவன் மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆனால் அளத்தல் எங்கள் அன்றாடத் தொழில். முதலாண்டு மாணவர் வெர்னியர் அளவியைக் கையில் எடுத்ததும் நாங்கள் கேட்பவை சில கேள்விகளே. இக்கருவிக்குச் சுழிப்பிழை உண்டா? இதன் மீச்சிற்றளவு என்ன? எந்த எல்லைக்குள் இது சரியாகக் காட்டும்? அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா? வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கோல்களிடமும் இதே கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். கேட்பதற்குரிய இடமாகப் பிச்சாவரத்தை எடுத்துக்கொள்வோம்.

சர்க்கரை அளவு மட்டும் போதாதா?

கனடாவின் டொராண்டோ நகரில் 1921-இல் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக அது செலுத்தப்பட்டது. அதற்கு முன், கணையம் இன்சுலினைச் சுரக்காமல் நின்றுபோன குழந்தைகளுக்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினிக்கு ஒப்பான பத்தியம். உயிர் பிழைப்பதே அரிதாக இருந்த நாளில் வாழ்க்கைத் தரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நம் மாநிலத்தில் 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். அதன் பின்னரும் நெடுங்காலம், நோயாளி நலமா என்ற கேள்விக்கு 'சர்க்கரை எவ்வளவு?' என்பதே விடையாக இருந்தது.

இன்று பரவலாகப் பயன்படும் அளவு 'மூன்று மாதச் சர்க்கரை' என்று மக்கள் கூறும் எச்பிஏ1சி. இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ், சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினோடு சிறுகச் சிறுக ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ஆகவே எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். 7 விழுக்காடு என்றால் சராசரியாக டெசிலிட்டருக்கு 154 மில்லிகிராம் குளுக்கோஸ். அழகான ஏற்பாடு! ஆனால் இரும்புச் சத்துக் குறைவால் இரத்தசோகை வந்தவருக்கு இவ்வளவு சற்றுக் கூடுதலாகக் காட்டுகிறது. சிவப்பணுக்கள் விரைவில் அழியும் நோய் உள்ளவருக்குக் குறைத்துக் காட்டுகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஆய்வுக்கூடக் கருவிக்கே இடத்துக்கு இடம் திருத்தம் தேவைப்படுகிறது என்றால், வினாப்பட்டியலைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

சர்க்கரை அளவு மட்டும் போதாது என்பதை ஒரு பெரிய ஆய்வு உணர்த்தியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரைக் கொண்டு நடந்த அந்த ஆய்வு 1993-இல் வெளிவந்தது. நாளுக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஊசிகள் போட்டு, அல்லது இன்சுலின் பம்பு பொருத்திக்கொண்டு, சர்க்கரையை இறுகப் பிடித்து வைத்தவர்கள் ஒரு பிரிவினர். வழக்கம்போல் ஓரிரு ஊசிகளோடு நின்றவர்கள் மற்றொரு பிரிவினர். முதற் பிரிவில் விழித்திரைப் பாதிப்பு தோன்றும் வாய்ப்பு முக்கால் பங்கு குறைந்தது. ஆனால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து, பிறர் உதவி தேவைப்படும் நிலை மூன்று மடங்கு அதிகமாக நேர்ந்தது. அப்படியானால் இவர்களுள் யார் நன்றாக வாழ்ந்தார்கள்?

அந்த ஆய்வுக்கென்றே ஒரு வாழ்க்கைத் தர வினாப்பட்டியல் செய்யப்பட்டிருந்தது. அதன் முடிவு: இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை! இதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். கடும் சிகிச்சையும் வாழ்வைக் கெடுக்கவில்லை என்பது ஒன்று. கருவியின் முள் அசையும் அளவுக்கு அதற்கு உணர்திறன் இல்லை என்பது மற்றொன்று. கால்வனாமீட்டர் சுழி காட்டினால் மின்னோட்டமே இல்லை என்றும் சொல்லலாம், கருவி மந்தமானது என்றும் சொல்லலாம் அல்லவா? இன்னொரு கருவியைக் கொண்டு சோதிக்காமல் இவற்றுள் எது சரி என்று கூற முடியாது. மேலும் அந்த 1,441 பேரும் தாமாக முன்வந்தவர்கள். மருத்துவர், செவிலியர், உணவு ஆலோசகர் அடங்கிய குழு அவர்களுக்குத் துணை நின்றது. அந்த முடிவை அப்படியே நம் ஊர் மருத்துவமனை வரிசையில் நிற்பவருக்குப் பொருத்துவது முறையன்று.

கோல்கள் பிறந்த கதை

நோயாளியின் வாயால் அவர் நிலையைக் கேட்டறிய வேண்டும் என்ற எண்ணம் போற்றத்தக்கது. குறை கூறுமுன் இதை ஒப்புக்கொள்ள வேண்டும். சோதனைக்குழாயை மட்டும் நம்பிய மருத்துவத்துக்கு, குழாய்க்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்று நினைவூட்டியவை இந்த வினாப்பட்டியல்களே.

ஆனால் எல்லாப் பட்டியல்களும் ஒரே தரத்தன அல்ல. 1992-இல் அமெரிக்காவில் வெளிவந்து உலகெங்கும் பரவிய 36 வினாப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். மிதமான உடலுழைப்புக்கு அது தரும் எடுத்துக்காட்டுகள்: மேசையை நகர்த்துதல், தூசி உறிஞ்சும் எந்திரத்தைத் தள்ளுதல், கோல்ஃப் ஆடுதல். கிள்ளைக்கும் பரங்கிப்பேட்டைக்கும் கோல்ஃப் மட்டையோடு செல்பவரை இனித்தான் தேட வேண்டும்! இந்தியாவில் இதைப் பயன்படுத்துவோர் நம் பழக்கத்துக்கு ஏற்ற வேலைகளை மாற்றிப் போட வேண்டியதாயிற்று. மாற்றிப் போட்ட வேலை பழைய வேலைக்குச் சமமான உழைப்பா என்பது அடுத்த கேள்வி.

உலகச் சுகாதார நிறுவனம் இதைவிட நேர்மையான வழியில் சென்றது. 1990-களில் உலகின் 15 நகரங்களில் ஒரே சமயத்தில் பணியைத் தொடங்கியது. அவற்றுள் சென்னையும் ஒன்று, புது டில்லியும் ஒன்று. வாழ்வில் எவை முக்கியம் என்று மக்களையே கூட்டி வைத்துக் கேட்டு, அதிலிருந்து வினாக்களை அமைத்தது. முதலில் 100 வினாக்கள். பின்னர் 26 வினாக்கள் கொண்ட சுருக்கப் பட்டியல். உடல், உள்ளம், சமூக உறவு, சுற்றுச்சூழல் என நான்கு பிரிவுகள். பணம், வீடு, போக்குவரத்து, மருத்துவ வசதி ஆகியவற்றையும் கேட்பது இதன் சிறப்பு. தமிழ் இதன் தொடக்க மொழிகளுள் ஒன்றாக இருந்தது நமக்குப் பெருமைதான்.

நீரிழிவுக்கெனத் தனிப் பட்டியல்களும் உண்டு. இங்கிலாந்தில் கிளேர் பிராட்லி உருவாக்கிய பட்டியல் ஒரு புதுமை செய்தது. 'நீரிழிவு இல்லாதிருந்தால் உங்கள் வாழ்வு எப்படி இருந்திருக்கும்?' என்று அது கேட்கிறது. அத்துடன், அந்தக் கூறு உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்றும் கேட்டு, இரண்டையும் பெருக்குகிறது. பல நாடுகளில் இதைப் பயன்படுத்தியபோது, மிகவும் பாதிக்கப்பட்டதாக மக்கள் கூறியது எது தெரியுமா? விருப்பப்படி உண்ணும் சுதந்திரம்! கல்யாணப் பந்தியில் பாயசம் வரும்போது இலையைக் கையால் மறைத்துக்கொள்பவருக்கு இது புரியும்.

டில்லியில் செய்யப்பட்டு 2010-இல் வெளிவந்த இந்தியப் பட்டியலில் 34 வினாக்கள் உள்ளன. பணக்கவலைக்கும் உணவுத் திருப்திக்கும் அதில் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் கைப்பணம் செலவழிக்கும் நாட்டுக்கு ஏற்ற திருத்தம் இது.

சுழிப்பிழை

இனிக் குறைகளைக் காண்போம். முதற்குறை மொழியிலேயே தொடங்குகிறது. 'வாழ்க்கைத் தரம்' என்ற சொல்லைத் தமிழில் இரண்டு பொருளில் வழங்குகிறோம். 'அந்தக் குடும்பத்தின் வாழ்க்கைத் தரம் உயர்ந்துவிட்டது' என்றால் வருமானம் பெருகியது, மாடி வீடு கட்டினார்கள் என்று பொருள். மருத்துவ ஆய்வாளர் கேட்பதோ, வாழ்வு எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்பதை. ஒரே சொல்லால் கேட்டால், கேட்பவர் மனத்தில் ஒன்றும் விடை சொல்பவர் மனத்தில் வேறொன்றும் இருக்கும். 'வாழ்வின் நிறைவு' என்றோ 'நல்வாழ்வு' என்றோ கேட்டுச் சோதிப்பது நல்லது.

இரண்டாவது, எதனோடு ஒப்பிடுவது என்ற சிக்கல். நீரிழிவு உள்ள, பழகிய படகோட்டி ஒருவரிடம் இத்தகைய வினாக்கள் சிலவற்றை வாசித்துக் காட்டினேன். "உங்க உடல் நலம் உங்களுக்குத் திருப்தியா இருக்கா?" என்றதும் அவர் திருப்பிக் கேட்டார்: "யாரோட வச்சுப் பாத்துச் சொல்றது சார்? எங்க அண்ணனோடன்னா நான் ராஜா. அவருக்கு ரெண்டு கண்ணும் போயிடுச்சு."

நியாயமான கேள்வி. வேகம் என்றால் எந்தச் சட்டகத்தைச் சார்ந்த வேகம் என்று நாங்கள் வகுப்பில் கேட்பதும் இதுவேதான். சுற்றியுள்ளோர் நிலையையே சுழியாகக் கொண்டு மனிதர் தம்மை அளக்கின்றனர். நாளடைவில் நோயோடு பழகிப்போய், அந்தச் சுழியும் நகர்ந்துவிடுகிறது. பழகிக்கொள்வது மனித உள்ளத்தின் வலிமை. அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் சுழி நகர்ந்த கருவியின் அளவீட்டை, நகராத கருவியின் அளவீட்டோடு ஒப்பிடலாமா?

இதன் விளைவு எவ்வளவு கடுமையானது என்பதைப் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டியுள்ளார். வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டான 1944-இல், கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூரில் ஓர் உடல்நல ஆய்வு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேர் தமக்கு உடல்நலமில்லை அல்லது சுமார்தான் என்றனர். கணவனை இழந்த பெண்களிலோ அவ்வாறு கூறியவர்கள் 100-க்கு மூவர்கூட இல்லை. அந்நாளைய வங்கத்தில் விதவைகள் ஆண்களைவிட நலமாக வாழ்ந்தனர் என்று யாரேனும் முடிவு செய்வார்களா? தம் நலத்தைப் பற்றி முறையிடலாம் என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லாதிருந்தது என்பதே உண்மை. இன்றைய இந்தியாவைப் பற்றியும் சென் இதையே சுட்டினார். மக்கள் நீண்ட ஆயுளோடு வாழும் கேரளத்தில் நோய் இருப்பதாகச் சொல்வோர் மிகுதி. ஆயுள் குறைந்த பீகாரில் சொல்வோர் குறைவு.

ஆகவே ஓர் ஏழைக் கிராமத்தில் வாழ்க்கைத் தர மதிப்பெண் உயர்ந்திருந்தால், மகிழ்வதற்கு முன் ஒருகணம் நின்று யோசிக்க வேண்டும்.

வலி இல்லாத கால்

மூன்றாவது குறையே இக்கட்டுரையின் மையம். பிச்சாவரத்தின் சேற்றுக்கு வருவோம்.

வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் இடையே, சிதம்பரத்துக்குக் கிழக்கே, ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில் அலையாத்திக் காடு விரிந்து கிடக்கிறது. 2022-இல் இது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. படகில் வரும் பயணிகள் காண்பது சுரபுன்னையின் வளைந்த வேர்களை. சேற்றில் இறங்கி நடப்பவர் கால் அறிவது வேறு: வெண்கண்டல் மரத்தின் மூச்சு வேர்கள் ஈட்டிமுனைகள்போல் சேற்றுக்கு மேல் நீட்டி நிற்கும், இடையிடையே சிப்பி ஓடுகள் இருக்கும். இங்குள்ள இருளர் மக்களுள் பலர் இடுப்பளவு நீரில் இறங்கி, கையால் தடவி இறாலும் நண்டும் பிடிப்பவர்கள். ஆண்கள், பெண்கள் இருபாலாரும் இத்தொழில் செய்கின்றனர். செருப்பணிந்து செய்யக்கூடிய வேலையன்று இது. சேறு செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும்.

இவர்களுள் எத்தனை பேருக்கு நீரிழிவு உண்டு என்பதன்று இங்கே கேள்வி. இத்தொழில் செய்யும் ஒருவருக்கு அந்நோய் வந்தால், நம் அளவுகோல் அவரை எப்படிக் காட்டும் என்பதே கேள்வி.

நீரிழிவு நெடுநாள் கட்டுப்பாடின்றி இருந்தால் நரம்புகள் பழுதடைகின்றன. மிக நீளமான நரம்புகள் முதலில் கெடும். ஆதலால் பாதிப்பு பாதத்தில் தொடங்குகிறது. சிலருக்கு எரிச்சலும் குத்தலும் தோன்றும். பலருக்கு எதுவும் தோன்றாமலே உணர்ச்சி மங்கிவிடும்.

இப்போது வினாப்பட்டியலைப் பாருங்கள். நீங்கள் செய்ய வேண்டிய வேலைக்கு உடல்வலி எவ்வளவு தடையாக இருக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனப் பட்டியல் வினவுகிறது. ஐரோப்பாவில் உருவாகி இன்று எங்கும் வழங்கும் ஐந்து கூறுப் பட்டியலில் ஒரு கூறு முழுவதும் வலியைப் பற்றியதே. இரண்டிலும் வலி இல்லை என்பவருக்கு முழு மதிப்பெண். உணர்ச்சி மரத்த காலோடு நிற்பவரும் "வலியே இல்லை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. பட்டியலும் தவறாகக் கூட்டவில்லை. ஆனால் ஊரிலேயே அதிக ஆபத்தில் நிற்பவருக்கு அந்த வினாவில் முழு மதிப்பெண் கிடைத்துவிட்டது!

ஆபத்து எவ்வளவு என்று சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ளவர் ஒரு காலில் நிற்கிறார். உள்ளங்கால் தரையில் படும் பரப்பு 120 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ. கால் சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு சிப்பி ஓட்டின்மேல் அவர் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 6 கிலோ, இறங்கினால் அழுத்தம் 24 கிலோ. ஏறத்தாழ 48 மடங்கு! இடுப்பளவு நீரின் மிதப்பு விசை எடையைப் பாதியாக்கினாலும் 24 மடங்கு. நமக்கு அது சுரீர் என்று உறைக்கும், காலை எடுத்துவிடுவோம். அவருக்கு உறைக்காது, மாலை வரை அதே காலோடு நடப்பார். வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் விப்ரியோ வகைப் பாக்டீரியாக்கள் சில புண் வழியே புகுந்து கடும் தொற்றை உண்டாக்க வல்லவை. நீரிழிவு உள்ளவருக்கு அந்த ஆபத்து மிகுதி.

வலியின்மை நலமன்று என்ற பாடம் உலகுக்குக் கிடைத்ததே தமிழ்நாட்டில்தான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் கை கால்கள் ஏன் சிதைகின்றன என்று ஆராய்ந்தார். நோய் சதையைத் தின்னவில்லை. வலி தெரியாததால் ஏற்படும் காயங்களே அவற்றைச் சிதைக்கின்றன என்று காட்டினார். மென்மையான நுண்துளை ரப்பர் செருப்புகள் இதையொட்டியே வழக்கத்துக்கு வந்தன. பின்னர் அமெரிக்கா சென்றபோது, அதே அறிவை நீரிழிவாளரின் பாதத்துக்கும் பயன்படுத்தினார். வேலூரில் கற்ற பாடத்தை வினாப்பட்டியல்கள் ஏனோ மறந்துவிட்டன.

பாத உணர்ச்சியை அளக்க எளிய கருவி ஒன்று உண்டு: ஒரு நைலான் இழை. அதைப் பாதத்தில் நிறுத்தி, வளையும் வரை அழுத்த வேண்டும். வளையும்போது அதன் விசை 10 கிராம் எடைக்குச் சமம். அதற்கு மேல் அழுத்தினாலும் இழை இன்னும் வளையுமேயன்றி விசை அவ்வளவாகக் கூடாது. எனவே அழுத்துபவர் கை மெதுவானதா கடினமானதா என்பது பொருட்டன்று. இழை படுவது தெரியவில்லை என்றால் பாதம் காப்பு உணர்ச்சியை இழந்துவிட்டது என்று பொருள். மலிவானது, மின்சாரம் வேண்டாதது, சுழிப்பிழை குறைந்தது. அளவுகருவி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

வினாப்பட்டியலை ஆதரிப்போர் இவ்வாறு மறுக்கலாம்: "நோயைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலையன்று. இன்று அந்த மனிதர் எப்படி உணர்கிறார் என்பதை மட்டுமே அளக்கிறோம். புண் வந்தால் நாளை மதிப்பெண் தானே குறையும்."

இந்த மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் புண் வந்தபின் குறையும் மதிப்பெண், கரை உடைந்தபின் அடிக்கும் தண்டோராவைப் போன்றது. மேலும், உணர்வை மட்டும் அளக்கிறோம் என்பவர்கள் அந்த எண்ணை உணர்வுக்கு மட்டும் பயன்படுத்துவதில்லை. ஐந்து கூறுப் பட்டியலில் வரும் எண்ணை ஆயுளோடு பெருக்கி, எந்த மருந்துக்கு அரசுப் பணம் தரலாம் என்று இங்கிலாந்தில் முடிவு செய்கிறார்கள். இந்தியாவிலும் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் இத்தகைய மதிப்பீட்டு அமைப்பு இயங்குகிறது. எண் பணமாக மாறும் இடத்தில், எண்ணின் பிழை யாரோ ஒருவரின் காலாக மாறிவிடும்.

பதினைந்து நாள் கணக்கு

உலகச் சுகாதார நிறுவனப் பட்டியல் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கிறது. நினைவு மங்காத காலம் என்பதால் இதைத் தேர்ந்தார்கள். தற்செயலாக இது கழிமுகத்துக்கும் பொருந்துகிறது. அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை ஏறத்தாழ 14¾ நாள். கடல் ஏற்றமும் வற்றமும் பெருத்துச் சிறுத்து ஒரு சுற்று முடிவது அதற்குள்தான். நீர்மட்டத்தை நம்பிப் பிழைப்பவரின் நல்ல நாளும் மந்தமான நாளும் அந்த இரண்டு வாரத்தில் வந்துவிடும்.

ஆனால் பருவங்கள் வருவதில்லை. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளாறும் கொள்ளிடமும் பெருகும் நாட்கள் வேறு, கோடை வேறு. கடலூர்த் துறைமுகத்தில் விசைப்படகுகளை நம்பி வாழ்வோருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது கூலியும் இல்லை, கையிருப்பும் கரையும். மே மாதம் கேட்டால் ஒரு விடை, ஜூலையில் கேட்டால் வேறு விடை. நோய் மாறவில்லை, மாறியது நாட்காட்டி. அலையின் ஒரு புள்ளியை மட்டும் அளந்து அதன் வீச்சைக் கூற முடியாது என்பதை பிளஸ் டூ மாணவரும் அறிவார். ஆண்டில் இரண்டு மூன்று முறை கேட்பதே முறை.

கேட்கப்படாத சில

பந்தியில் இலையை மறைக்கும் வருத்தத்தை இங்கிலாந்துப் பட்டியல் பிடித்தது. நம் ஊரில் வேறொரு வருத்தமும் உண்டு. 'சோற்றைக் குறையுங்கள், காய்கறியைக் கூட்டுங்கள்' என்பது மருத்துவர் தரும் நல்ல அறிவுரை. ஆனால் 2011 முதல் நியாயவிலைக் கடையில் விலையின்றிக் கிடைப்பது அரிசி. காய்கறிக்குக் கைப்பணம் வேண்டும். அறிவுரைக்கும் அடுப்புக்கும் இடையேயுள்ள இந்த இடைவெளியை எந்த வினா அளக்கிறது?

இன்சுலின் ஊசி போடுபவருக்குக் குளிர்ச்சிக் கவலை. திறக்காத மருந்துக்குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைக்க வேண்டும் என்பது விதி. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் மண்பானை ஓரளவு கைகொடுக்கும். பானையின் சுவர்வழிக் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆனால் காற்று உலர்ந்திருந்தால்தான் ஆவியாதல் விரைந்து நடக்கும். உள்நாட்டு ஊர்களில் நன்கு குளிரும் பானை, ஈரக்காற்று வீசும் கடற்கரையில் அவ்வளவு குளிர்வதில்லை. ஜெனீவா பல்கலைக்கழகத்தினரும் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பினரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு சிறிது ஆறுதல் தருகிறது: 25-க்கும் 37-க்கும் இடையே வெப்பநிலை ஏறி இறங்கினாலும் நான்கு வாரம் வரை இன்சுலின் வீரியம் இழக்கவில்லை. இத்தகைய செய்தி ஒன்றே பல குடும்பங்களின் கவலையைக் குறைக்கும். கவலையைக் கேட்டால்தானே செய்தியைச் சொல்ல முடியும்!

கேட்டும் விடை வராத வினாவும் ஒன்றுண்டு. தாம்பத்திய வாழ்க்கை திருப்தியாக உள்ளதா என்று அதே 26 வினாப் பட்டியல் கேட்கிறது. நீரிழிவு இதைப் பாதிக்கும் என்பதால் தேவையான வினாதான். ஆனால் வரிசையில் பத்துப் பேர் நிற்கும் இடத்தில், வயதில் இளையவர் கேட்டால், யார் வாய் திறப்பார்? சமூக உறவுப் பிரிவில் உள்ளவை மூன்றே வினாக்கள். ஒன்று விடுபட்டால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று.

என்ன செய்யலாம்?

கோல் வளைந்திருக்கிறது என்பதற்காக அளப்பதையே விட்டுவிடச் சொல்வது அறிவியலாகாது. திருத்திப் பயன்படுத்துவதே வழி.

முதலாவது, வாழ்க்கைத் தர ஆய்வு எதுவாயினும், வினாப்பட்டியலோடு நைலான் இழைச் சோதனையையும் சேர்க்க வேண்டும். வலி வினாவின் மதிப்பெண்ணை, பாத உணர்ச்சி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் தனித்தனியே காட்ட வேண்டும். இரண்டாவது, 'நீரிழிவு வருமுன் உங்களால் முடிந்தது எது, இப்போது முடியாதது எது?' என்று செயலை வைத்துக் கேட்டால் சுழிப்பிழை குறையும். மூன்றாவது, நான்கு பிரிவுகளையும் ஒரே சராசரியாக்கக் கூடாது. எந்தப் பிரிவு மிகத் தாழ்ந்தது என்பதையே முதலில் கூற வேண்டும். சங்கிலி அறுவது நலிந்த கண்ணியில் அல்லவா? நான்காவது, எந்த மாதத்தில் கேட்டது என்பதை எழுத வேண்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்து மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியே, நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து வீடு தேடி வருகிறது. வாசல்வரை வரும் ஊழியர் கையில் ஓர் இழையும், கேட்பதற்கு இரண்டு நல்ல கேள்விகளும் இருந்தால் போதும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. வாழ்க்கைத் தரம் பற்றிய ஆய்வுச் செய்தி எதையேனும் நாளிதழில் கண்டால், மதிப்பெண்ணைப் படித்ததோடு நில்லாதீர்கள். எந்தப் பட்டியல், எந்த ஊர், எந்த மாதம், யார் கேட்டது என்று தேடிப் பாருங்கள். வீட்டில் நீரிழிவு உள்ள பெரியவர் இருந்தால், இன்று இரவு அவர் உள்ளங்காலைக் கண்ணால் பாருங்கள், "வலிக்குதா?" என்று கேட்பதோடு விட்டுவிடாதீர்கள்.